பொன்னுக்கு வீங்கி போன வழியில் ஒரு காதும் போனது: பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும், அந்தத் துறையில் தடுப்பூசிப் பணியைக் கவனிக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் ஓட்டேரியில் குடியிருக்கிறேன். ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். உங்கள் அலுவலகம் இருக்கும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தைத் தாண்டி பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். உள்ளே வந்து யாரையாவது பார்த்துப் பேச வேண்டும் என்று இந்த மூன்று வருடமாகத்தான் தோன்றுகிறது. மனுவாகக் கொடுத்தால் நான் சொல்வது உங்கள் மேசையோடு நின்றுவிடும். மற்ற தாய்மார்களும் படிக்க வேண்டும் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஏழு வயது நடக்கும்போது பொன்னுக்கு வீங்கி வந்தது. வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுக்கு வந்து, இவளுக்கும் வந்தது. முதலில் இடது தாடை, இரண்டு நாள் கழித்து வலது. ஜுரம். எதையும் மெல்ல முடியவில்லை. புளிப்பாக எது நாக்கில் பட்டாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் மாமியார் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். நாமக்கட்டியை இழைத்துப் பூசினார். கஞ்சியும் தயிர்சாதமுமாக ஒரு வாரம் ஓடியது. வீக்கம் வடிந்தது, சங்கிலி மாமியாரிடமே திரும்பிப் போனது, பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் அவளை எழுப்புவது பெரும்பாடாகிவிட்டது. சில நாள் ஒரே குரலில் எழுந்துவிடுவாள். சில நாள் குக்கர் நாலு விசில் அடித்து, மிக்ஸி ஓடி, நான் வாசலிலிருந்து கத்தியும் அசைய மாட்டாள். தொட்டு உலுக்கினால்தான் விழிப்பாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். "காது என்ன செவிடா?" என்று கேட்டிருக்கிறேன், ஒரு நாள் இல்லை, பல நாள். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். இதே வார்த்தையை எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ என்றுதான் எழுதுகிறேன்.

மாமியார்தான் கண்டுபிடித்தார். பேத்தி பக்கத்தில் படுப்பவர் அவர். "இவ வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா கூப்பிட்டதும் எழுந்துக்கிறா. இடது பக்கம் படுத்தாத்தான் எழுந்துக்க மாட்டேங்கிறா. பாத்தியா நீ?" என்றார். நான் பார்க்கவில்லை. அன்று ராத்திரி அவள் இடது பக்கமாகத் தூங்கும்போது, மேலே தெரிந்த வலது காதுக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் மூடியை ஸ்பூனால் தட்டினேன். அசைவில்லை. மெல்லப் புரட்டிப் படுக்கவைத்து, இடது காதுக்குப் பக்கத்தில் அதே மாதிரி தட்டினேன். கண்ணைத் திறந்து, "என்னம்மா?" என்றாள்.

தெருமுனை கிளினிக்கில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு வாரம் விட்டோம். அப்புறம் ஒரு பெரிய மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனோம். அங்கே ஆடியோகிராம், அதாவது ஒவ்வொரு காதும் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை, எடுத்த பெண் கேட்ட முதல் கேள்வி: "சமீபத்துல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?" அதுவரை அந்தக் கேள்வியை எங்களிடம் ஒருவரும் கேட்டதில்லை.

ஆடியோகிராம் தாளில் இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி, வலது காதுக்குச் சிவப்பு வட்டம். நீலக் குறிகள் எல்லாம் மேலே, ஒரே வரிசையில் இருந்தன. சிவப்பு வட்டங்கள் தாளின் அடிமட்டத்தில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கீழ்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி. அந்த அம்புக்குறி என்ன என்று கேட்டேன். "மெஷின்ல இருக்கிற அதிகபட்ச சத்தம் வெச்சும் பதில் வரலைன்னு அர்த்தம்மா" என்றார். நல்ல காது உதவிக்கு வந்துவிடாமல் இருக்க அதில் ஓர் இரைச்சலை ஓடவிட்டுத்தான் மற்ற காதைச் சோதிக்கிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பிள்ளை இரண்டு காதும் கேட்பதுபோலவே பதில் சொல்லிவிடும். இவ்வளவு நாள் எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான்.

இதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன், டாக்டர்களிடம் கேட்டேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்ளியா இருக்கிறது. அதற்குள் சத்தத்தைப் பிடிக்கும் மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறக்கும்போது கொண்டுவருவது அவ்வளவுதான். அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பொன்னுக்கு வீங்கி வைரஸ் ரத்தம் வழியாகவோ, மூளையைச் சுற்றியுள்ள திரவம் வழியாகவோ அங்கே போய்ச் சேருகிறது. பெரும்பாலும் ஒரு காதைத்தான் தாக்கும். ஆனால் தாக்கினால் பாதி, கால் என்று விடுவது குறைவு. அந்தக் காதை முழுக்கவே எடுத்துக்கொண்டு போய்விடும். எந்தத் தாடை அதிகம் வீங்கியதோ அந்தப் பக்கத்துக் காதுதான் போகும் என்றும் இல்லை. வீக்கமே வராமல், தொற்று வந்தது தெரியாமலேயே காது போன பிள்ளைகளும் உண்டு.

மருந்து கொடுத்தால் திரும்புமா என்று எல்லா டாக்டரிடமும் கேட்டேன். திடீரென்று காது கேட்காமல் போகிறவர்களுக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பார்கள், ஆனால் பொன்னுக்கு வீங்கியால் போன காது அதற்கும் திரும்புவது அரிது என்றார்கள். அதனால் எங்களைத் தாமதப்படுத்தியதற்காக யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்பதால்தான் வருவதற்கு முன்னால் செய்ய முடிந்ததைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அவளுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். எதுவும் விடுபடவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று போட்டது. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து எம்.ஆர்., ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று. செவிலியர் அம்மா தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் தன் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் என் அச்சக முதலாளியின் பேரனுக்குப் போட்டது எம்.எம்.ஆர். தனியார் குழந்தை மருத்துவர்கள் போடுவது அதுதான். அந்தக் கூடுதல் 'எம்' பொன்னுக்கு வீங்கிக்கானது. ஒரே ஊர், ஒரே வயது. காசு கொடுத்துப் போட்டுக்கொண்ட பிள்ளைக்கு அந்த எழுத்து உண்டு, அரசை நம்பி வரிசையில் நின்ற பிள்ளைக்கு இல்லை. இதை எனக்கு யாரும் அந்த வரிசையில் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் எப்படியாவது பணம் புரட்டிப் போட்டிருப்பேன்.

ஏன் இல்லை என்று கேட்டால், இது தானாகச் சரியாகிற நோய், உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். உண்மைதான், என் மகள் உயிரோடு நன்றாக இருக்கிறாள். ஆனால் ஒரு காதால் வாழ்வது எப்படி இருக்கும் என்பது இந்தப் பதிலில் எங்கும் இல்லை. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல இரண்டு காதும் வேண்டும். பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டில் அவளோடு நடந்து பாருங்கள். பின்னால் ஆட்டோ ஹாரன் அடித்தால் அவள் எப்போதும் இடது பக்கம்தான் திரும்பிப் பார்க்கிறாள், வண்டி வலது பக்கம் வந்தாலும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே டீச்சர் பேசுவது பாதிதான் அவளுக்குப் போய்ச் சேருகிறது. சாயங்காலம் தலைவலியோடு வருகிறாள். நாள் முழுக்க உற்றுக் கேட்ட களைப்பு அது. சாப்பிட உட்காரும்போது யார் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்று பார்த்துத் தன் தட்டை நகர்த்திக்கொள்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே செய்கிறாள்.

அவள் எந்தக் கணக்கிலும் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், கேட்கும் திறன் குறைந்தவர் என்றால் இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். ஒரு காது முழுக்கச் செத்துப்போய் இன்னொன்று நன்றாக இருந்தால் அந்த வரையறைக்குள் வராது. சலுகை கேட்டு நான் இதை எழுதவில்லை. நான் கணக்கு எழுதுகிறவள். வரவு வைக்காத பணம் இல்லாத பணம்தான். அதுபோல, பதியப்படாத காதுகள் இழக்கப்படாத காதுகள் ஆகிவிடுகின்றன. பொன்னுக்கு வீங்கி வந்து போன பிள்ளைகளின் காதை யாரும் சோதிப்பதில்லை, சோதித்தாலும் எழுதி வைப்பதில்லை. அப்புறம் 'அபூர்வமான பின்விளைவு' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். எண்ணிப் பார்க்காமல் அபூர்வம் என்று எப்படிச் சொல்கிறோம்?

எண்ணிப் பார்த்த நாடு ஒன்று உண்டு. ஜப்பானில் எம்.எம்.ஆர். போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் இருந்த ஒரு வகைப் பொன்னுக்கு வீங்கி விதை வைரஸால் (தடுப்பூசி செய்ய எடுத்து வலுக்குறைத்த வைரஸ்) சில பிள்ளைகளுக்கு மூளை உறை அழற்சி வந்ததால் 1993இல் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்தத் தடுப்பூசி அங்கே விருப்பப்பட்டவர்கள் போட்டுக்கொள்ளும் ஒன்றானது, பலர் போடவில்லை. 2015, 2016 இரண்டு ஆண்டுகளில் அங்கே பொன்னுக்கு வீங்கி பரவியபோது காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் நாடு முழுக்கக் கேட்டு எழுதினார்கள். 300க்கும் மேற்பட்டவர்கள் அதனால் காது இழந்திருந்தார்கள், பெரும்பாலும் ஒரு காது. கேட்காமல் இருந்திருந்தால் ஜப்பானிலும் அது அபூர்வம் என்றே இருந்திருக்கும்.

ஜப்பான் கதையில் தடுப்பூசிக்கு எதிரான பகுதியையும் நான் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். காரணம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் நீங்கள் எம்.ஆர். முகாம் நடத்தினீர்கள், ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும். அப்போது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகள் எங்கள் தெருவை எப்படி ஆட்டிவைத்தன என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. பள்ளி வாசலில் நின்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. உண்மையை முழுசாகச் சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். எந்த விதை வைரஸ், என்ன பின்விளைவு வரலாம், எத்தனை பேருக்கு, வந்தால் எங்கே வர வேண்டும் என்று எங்களிடம் நேராகச் சொல்லுங்கள். சொல்லாத இடத்தில்தான் வதந்தி வந்து உட்காருகிறது.

இந்தத் தடுப்பூசி புதிதும் இல்லை. 1963இல் அமெரிக்காவில் மாரிஸ் ஹில்லமன் என்ற விஞ்ஞானியின் மகள் ஜெரில் லின்னுக்குத் தாடை வீங்கியது. அவளுக்கு ஐந்து வயது. அவர் மகளின் தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்துக்கொண்டு போன வைரஸிலிருந்துதான் 1967இல் அங்கே தடுப்பூசி வந்தது. இன்றைக்கும் அந்த விதை வைரஸுக்கு அந்தப் பெண்ணின் பெயர்தான். நம் நாட்டிலேயே எம்.எம்.ஆர். தயாராகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. இரண்டு தவணை போட்டால் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் பாதுகாப்பு என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். முழுசாக நூறு இல்லை. ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இப்போது இருப்பது பூஜ்யம்.

மத்திய அரசின் அட்டவணையில் இல்லாததை மாநிலம் எப்படிப் போடுவது என்று நீங்கள் கேட்கலாம். டெல்லி அரசு 1999இலேயே தன் சொந்த முடிவில் பதினைந்து மாதக் குழந்தைகளுக்கு எம்.எம்.ஆர். கொடுக்கத் தொடங்கியது. இன்னொன்றும் கேட்பீர்கள், எனக்குத் தெரியும்: அரைகுறையாகப் போட்டால் நோய் சின்ன வயதிலிருந்து பெரிய வயதுக்குத் தள்ளிப்போய் இன்னும் மோசமாகும் என்று. சரியான கேள்வி. அதனால்தான் 80 சதவீதத்துக்கு மேல் பிள்ளைகளை எட்ட முடிகிற நாடுகள் சேர்க்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டால் அந்த அளவை எட்ட முடியாது என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள். புதன்கிழமை வரிசை அதற்குச் சாட்சி. அதே ஊசி, அதே நாள், அதே செவிலியர், குப்பி மட்டும் வேறு.

2024 தொடக்கத்தில் கேரளத்தில் மட்டும் இரண்டு மூன்று மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அந்தப் பிள்ளைகளின் காதுகளை யார் பார்த்தார்கள்?

அதனால் தடுப்பூசியோடு சேர்த்து இன்னொன்றும் கேட்கிறேன், இதற்குப் பெரிய செலவில்லை. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளையை வீக்கம் தொடங்கி ஐந்து நாள் பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்கிறீர்கள் அல்லவா, அதோடு ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதியுங்கள் என்றும் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்து 'காது நன்றாக இருக்கிறது' என்று எழுதுவதில் என் மகள் மாதிரிப் பிள்ளைகள் பிடிபட மாட்டார்கள். போன காது வராது. ஆனால் வகுப்பில் முதல் வரிசையில் வலது ஓரமாக, நல்ல காது டீச்சர் பக்கம் இருக்கும்படி உட்காரவைக்கலாம். இருக்கும் ஒரு காதில் சீழ் வந்தால் அலட்சியம் செய்யாமல் ஓடலாம். முக்கியமாக, 'காது என்ன செவிடா' என்று கேட்காமல் இருக்கலாம்.

ஆடியோகிராமுக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு பெண் பழக்கமானாள். வியாசர்பாடி. மடியில் இரண்டரை வயதுப் பையன், இரண்டு காதும் கேட்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அவனுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, வைக்க வந்திருந்தாள். இந்தத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இலவசமாக வைத்திருக்கிறீர்கள். அந்த வார்டில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் அதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவள் மாமன் மகனைக் கட்டியவள். அதனால்தான் பிள்ளை இப்படி என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் அவளையே சொல்கிறது. சொந்தத்தில் கட்டுவதால் பிறவிக் காது கேளாமை கூடுகிறது என்பது மெய்தான். ஆனால் பிறவியிலேயே காதைப் பறிக்கிற, பரம்பரை சாராத காரணங்களில் முதலிடம் சைட்டோமெகலோ வைரஸ் என்ற சி.எம்.வி.க்குத்தான் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது, ஒரு ஜலதோஷம் மாதிரி வந்து போயிருக்கலாம், எப்போதோ உடம்பில் இருந்ததே மறுபடி தலை தூக்கியிருக்கலாம். உலகில் சுமார் 200 குழந்தைக்கு ஒன்று இந்தத் தொற்றோடு பிறக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குப் பிறக்கும்போதே காது போகிறது. சிலருக்குப் பிறந்தபோது எடுக்கும் சோதனையில் தேறிவிட்டு, நடக்கப் பழகுகிற வயதில் போகிறது.

"அப்ப என் புள்ளைக்கு அதுவா இருக்குமா?" என்று அவள் கேட்டாள். தெரிந்துகொள்ள வேண்டுமானால் பிறந்த மூன்று வாரத்துக்குள் எச்சிலையோ சிறுநீரையோ சோதித்திருக்க வேண்டும், அதற்கப்புறம் கிடைக்கிற வைரஸ் வயிற்றில் வந்ததா வெளியே வந்து தொற்றியதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம் என்றார் டாக்டர். அவள் ஒன்றும் பேசவில்லை. பையனின் சட்டைப் பொத்தானைக் கழற்றி, மறுபடி போட்டுவிட்டாள்.

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. சோதனை எடுக்கிற இடங்களில், அதில் தேறாத குழந்தைக்கு மட்டுமாவது அந்த மூன்று வாரத்துக்குள் எச்சில் சோதனை செய்ய ஏற்பாடு பண்ணுங்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2013லேயே இப்படிச் சட்டம் போட்டது. கனடாவின் ஒன்டாரியோ 2019 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் பார்க்கிறது. நேரத்தோடு தெரிந்தால் சில குழந்தைகளுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்துக் காது மேலும் கெடாமல் காப்பாற்றப் பார்க்கலாம். மாசமான பெண்கள் பரிசோதனைக்கு வரும் நாளில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: மூத்த பிள்ளையின் எச்சில் ஸ்பூனில் சாப்பிடாதே, அதுக்கு மூக்கைத் துடைத்துவிட்டாலும் கால் கழுவிவிட்டாலும் உன் கையை சோப்பு போட்டுக் கழுவு. இரும்பு மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிடலாம்.

ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் இருந்தார். கண்புரையோடு பிறந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மாக்கள், கர்ப்பத்தில் தங்களுக்கு ரூபெல்லா வந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாகச் சொல்வார்கள். 1941இல் அவர் அதை எழுதினார். அதற்கப்புறம் அம்மாக்களே அவரிடம் வந்து, கண் மட்டும் இல்லை டாக்டர், பிள்ளைக்குக் காதும் கேட்கவில்லை என்றார்களாம். அந்த நோய்க்குத் தடுப்பூசி வருவதற்குள், 1964, 65இல் அமெரிக்காவில் பரவிய ஒரே ரூபெல்லா அலையில் 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் காது கேளாமல் பிறந்தார்கள். ரூபெல்லாவை நீங்கள் தடுப்பூசி அட்டவணையில் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். பிறவி ரூபெல்லா பாதிப்பைக் கண்காணிக்கும் வேலையை ஒருங்கிணைப்பதே நம் சென்னையில் இருக்கிற தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம்தான். ரூபெல்லாவைக் கணக்கெடுக்கத் தெரிந்த ஊர் இது.

அடுத்த மாதம் என் தங்கை மகனுக்கு ஒன்பது மாதம் முடிகிறது. அதே நிலையத்துக்கு, அதே புதன்கிழமை வரிசைக்குத்தான் போகிறோம். எம்.ஆர். போடுவார்கள், போட்டுக்கொள்வோம். பதினைந்து மாதத்தில் அவனைத் தனியாரிடம் தூக்கிக்கொண்டு போய் எம்.எம்.ஆர். போடுவதற்குச் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அவனுக்கு இரண்டு நாள் முன்னால் பிறந்த பெண் குழந்தை ஒன்று எதிர் வீட்டில் இருக்கிறது. அவள் அம்மா மீன் விற்கப் போகிறாள். வரிசையில் எங்களுக்கு முன்னால் நிற்பாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்
ஓட்டேரி, சென்னை